கிரான்பெர்ரி பாட்டிலும் என் கடைசி ஆசையும்

செத்தாலும் பொண்டாட்டிகிட்ட சொல்லக்கூடாதுன்னு முடிவு பண்ணேன். நெஜமாவே சாவு கிட்ட வந்து நிக்கும்னு யாரு கண்டா?

விஷயம் இதுதான். ஒண்ணுக்குப் போனா எரியுது. எரியுதுன்னா, மொளகாப்பொடிய உள்ள வச்சுத் தச்ச மாதிரி. நான் டெய்லர். ஒரு பேண்ட்டுக்கு ஜிப்பு வைக்கிறதுக்குள்ள என் ஜிப்பைத் தொறக்க ஓடணும். கட்டிங் மாஸ்டர் சும்மா இருப்பாரா? "என்னய்யா, பாத்ரூம்லயே ஒரு மெஷினைப் போட்டுரவா?"

வீட்டுல சொல்லலாம்ல? எந்த மூஞ்சியோட? அவ டிக்கெட் கவுண்டர்ல உக்கார்றவ. எழுந்திரிக்க நேரமில்லாம அடக்கி அடக்கி, அவளுக்கு இதே இன்ஃபெக்ஷன் அடிக்கடி வரும். வரும்போதெல்லாம் அவ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிற மாதிரி ஹால்ல நடந்து காட்டுவேன். "ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் வருதா பாரு"ன்னு வேற சொல்லித் தொலைச்சிருக்கேன்.

ஃப்ரிட்ஜ்ல அவளோட கிரான்பெர்ரி ஜூஸ் இருந்துச்சு. செவப்பா இருக்கிற சீமைப் பழச் சாறு, இந்த இன்ஃபெக்ஷனுக்காக டாக்டரம்மா குடிக்கச் சொன்னது. அவளுக்குக் கேக்கிறது எனக்குக் கேக்காதா? அவ வேலைக்குப் போனதும் ஒரு டம்ளர் இறக்கிட்டு, பச்சத்தண்ணிய ஊத்தி ரொப்பி வச்சேன்.

சாயங்காலம் அவ வந்து பாட்டிலைத் தூக்கிப் பாத்தா.

"ஏங்க, ஜூஸ் வெளுத்துப் போச்சே?"

"குளுருல்ல. வெளுத்திருக்கும்."

"ஓஹோ. குளுருக்கு வெளுக்குமா?"

அதோட விட்டுட்டா. தப்பிச்சோம்டான்னு நெனச்சேன்.

மறுநாள் பாட்டில் நெறஞ்சு நின்னுச்சு. நல்லா அடர் செவப்பு. நேத்திக்குப் புளிப்பு, இன்னிக்கு மண்ணு வாசனை. புது பாட்டில், ஸ்ட்ராங்கு போலன்னு ரெண்டு டம்ளர் அடிச்சேன்.

அப்புறம் பாத்ரூம் போனேன். குனிஞ்சு பாத்தேன்.

செவப்பு!

அவ்ளோதான். கதை முடிஞ்சுது. என் மெஷின் கண்ணுல வந்துச்சு. நாளைக்கு அதுல வேற எவனோ உக்காந்து கோணல் மாணலாத் தைப்பான். பொண்டாட்டி கவுண்டர்ல தனியா உக்காந்து, மீதிச் சில்லறை கொடுத்துக்கிட்டே கண்ணைத் தொடைப்பா. எனக்கு என் மேலயே அழுகை வந்துருச்சு. அவ வர்ற வரைக்கும் கட்டில்ல மல்லாந்து கெடந்தேன்.

"என்னங்க, ஏன் அழறீங்க?"

"நான் போறேன்டி."

"எங்க?"

"மேல!"

"மாடி வீட்டுல ஆள் இல்லையே."

"கிண்டல் பண்ணாதடி! ரத்தமாப் போகுது!" எரிச்சல், திருட்டு, தண்ணி ஊத்தினது, எல்லாத்தையும் கொட்டிட்டேன். "கடைசி ஆசைடி, என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ!"

"செருப்பை மாட்டுங்க. ஆறு மணிக்கு வரச் சொல்லிருக்காங்க."

எப்போ சொன்னாங்கன்னு கேக்கிற தெம்பு எனக்கு இல்ல.

டாக்டரம்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க. "இன்ஃபெக்ஷன் இருக்கு. காய்ச்சலும் ஆரம்பிச்சிருச்சு. இன்னும் விட்டிருந்தா கிட்னிக்கு ஏறியிருக்கும். மாத்திரை எழுதறேன்."

"ரத்தம், டாக்டர்?"

"ரத்தமே இல்லையே. பீட்ரூட் சாப்பிட்டீங்களா?"

"இல்லங்க, கிரான்பெர்ரி. இவ குடிக்கிறதுதான்."

"அடிக்கடி வர்றவங்களுக்கு மறுபடி வராம இருக்க அது கொஞ்சம் உதவும். வந்ததை வெரட்டாதுங்க."

திரும்பிப் பாத்தா, இவ சுவத்துல காலண்டரைப் பாக்குறா.

வெளிய வந்ததும் பிடிச்சேன். "பாட்டில்ல என்னடி இருந்துச்சு?"

"பீட்ரூட். என் ஜூஸை அப்பவே ஆபீசுக்குக் கொண்டுபோயிட்டேன்."

"அடிப்பாவி! சாவு பயம் காட்டிட்டியே!"

"நீங்க பாத்ரூம்ல பல்லைக் கடிக்கிறது தெருவுக்கே கேக்குது. வாங்கன்னா வருவீங்களா? பீட்ரூட் குடிச்சா எல்லாருக்கும் செவப்பாப் போகாதாம். உங்களுக்குப் போச்சு, என் நல்ல நேரம்."

வீட்டுக்கு வந்து வீராப்பா ஃப்ரிட்ஜைத் தொறந்தேன். "மிச்சத்தை சாக்கடைல ஊத்தறேன் பாரு!"

"ஐயோ, வைங்க. உங்க அண்ணனும் டாக்டர்கிட்ட வரமாட்டேங்கிறாராம், உங்க அண்ணி இதைக் கேட்டிருக்காங்க."