கோழியின் பெரியப்பா டைரனோசரஸ்

ஒரு காட்டில் இலவச எக்ஸ்ரே முகாம் போட்டார்கள். எங்கும் வலிக்காதவர்கள்கூட இலவசம் என்றதும் நொண்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

செவத்தாள் என்ற காட்டுக்கோழிக்கு மட்டும் நிஜமாகவே கால் வலி. பதுங்கமுத்து என்ற காட்டுப்பூனை துரத்தியதில் சுளுக்கிக்கொண்டது. வரிசையில் அவளுக்கு நேர் பின்னால் நின்றவனும் அதே பதுங்கமுத்துதான். என்றைக்கோ தின்ற கோழியின் இறகு தொண்டையில் சிக்கி இருமிக்கொண்டிருந்தான். 'முகாமுக்குள் யாரும் யாரையும் தின்னக்கூடாது' என்று போர்டு இருந்ததால் இருவரும் வானத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

டாக்டர் கருமந்தி அவள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உடனே நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"அம்மா, நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கால் சுளுக்கினவ, டாக்டர்."

"நீங்க தெரோபாட்! ரெண்டு காலில் ஓடித் திரிஞ்ச டைனோசர் கூட்டம். எலும்புக்குள்ளே பாருங்க, காத்து! காலில் முன்பக்கம் மூணு விரல். நெஞ்சுக்கு மேலே கவட்டை மாதிரி ஒரு எலும்பு. டைரனோசரஸுக்கும் இதே கவட்டைதான்!"

"அவர் எங்க தாத்தாவா?"

"ஒண்ணுவிட்ட பெரியப்பான்னு வச்சுக்குங்க. குடும்பம் ஒண்ணு."

"அவருக்குப் பல்லெல்லாம் இருந்திருக்குமே?"

"உங்க பக்கத்து ஆளுங்களுக்கும் இருந்தது. கோடிக்கணக்கான வருஷத்துல போயிடுச்சு. வாலும் குட்டையாச்சு. கைதான் இறக்கையாச்சு."

"அப்ப கால் வலிக்கு?"

"வெந்நீர் ஒத்தடம்."

செவத்தாள் வெளியே வந்தபோது வலி போன இடம் தெரியவில்லை. நெஞ்சை நிமிர்த்தி ஒரு கர்ஜனை விட்டுப் பார்த்தாள். "கொக்!" என்றுதான் வந்தது. ஆனாலும் டாக்டர் போட்ட சத்தம் வரிசை முழுக்கக் கேட்டிருந்ததால் உடும்பு ஒதுங்கி வழிவிட்டது. பதுங்கமுத்துவோ நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"தாயி, மன்னிக்கணும்! ஆள் தெரியாமத் துரத்திட்டேன்."

"எழுந்திரு. இனிமேலாவது மரியாதையா நடந்துக்கோ." அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். சந்தோஷம் தலைக்கேறியிருந்ததே! "இந்தக் காட்டுல இருக்கிற கோழி அத்தனையும் எங்க வம்சம், தெரிஞ்சுக்கோ!"

பதுங்கமுத்துவின் காது விடைத்தது. "அத்தனையுமா? அப்படின்னா இத்தனை வருஷமா நான் தின்னதெல்லாம்... டைனோசரா?"

படுத்திருந்த பூனை எழுந்தபோது ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

சாயங்காலத்துக்குள் காடெங்கும் பேனர். பதுங்கமுத்துவுக்கு 'டைனோசர்கொண்டான்' என்று பட்டம். பாராட்டு விழாவுக்கு நரிகள் மேளம் அடித்தன. நிகழ்ச்சியின் சிறப்பம்சம், மேடையிலேயே ஒரு டைனோசரைத் தின்று காட்டுவது. செவத்தாளை இழுத்து வந்தார்கள்.

"அண்ணே, காலையில என் காலில் விழுந்தீங்களே!" என்று அவள் கதறினாள்.

"அதனாலதான் உன்னையே தேர்ந்தெடுத்தேன். சாதாரணக் கோழியைத் தின்னா எனக்கென்ன மரியாதை?" என்று பதுங்கமுத்து வாயைத் திறந்தான்.

அப்போது மேளம் நின்றது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு புலி வந்தது.

"எவன்டா அது டைனோசரையே தின்கிறவன்? எனக்குச் சரியான ஜோடி கிடைக்காம நகமெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. இறங்கி வா, மோதிப் பார்க்கலாம்!"

பதுங்கமுத்துவின் வாய் மூடிக்கொண்டது. "ஐயா, இது கோழிங்க," என்றான் ஈனசுரத்தில்.

"ஆமாங்க ஐயா, வெறும் கோழி," என்றாள் செவத்தாள். "பெரியப்பாவெல்லாம் யாரும் கிடையாது. நாங்க ஏழைப்பட்ட குடும்பம்."

விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டாக்டரைப் புலி திரும்பிப் பார்த்தது. டாக்டர் புலியின் பல்லைப் பார்த்தார்.

"படத்தைத் தலைகீழாப் பிடிச்சுட்டேங்க."

"சே!" என்று புலி காறித் துப்பிவிட்டுப் போனது. பூனை கிழக்கே ஓடியது, கோழி மேற்கே ஓடியது.

மறுநாள் காலை பதுங்கமுத்து வழக்கம்போலத் துரத்தினான். செவத்தாள் வழக்கம்போல ஓடினாள். எலும்பெல்லாம் காற்றாக இருந்ததில் ஓட்டம் என்னவோ ஜோராகத்தான் இருந்தது. மரக்கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, யார் காதிலும் விழாதபடி, "பெரியப்பா!" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நீதி: வம்சப் பெருமை பேசலாம், தப்பில்லை, கேட்பவர் சாப்பிட்டுவிட்டாரா என்று முதலில் விசாரித்துக்கொள்.