பதினோரு நாள் ரொட்டி

கடைசி விள்ளலை விழுங்கி, டீயையும் குடித்து முடித்த பிறகுதான் அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு தகர டப்பாவின் மூடியைப் படித்தாள்.

'பொது அறிவியல் செய்முறை. ஒன்பதாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை வகுப்பில்தான் திறக்க வேண்டும்.' கீழே பதினோரு நாளைக்கு முந்தைய தேதி. டப்பாவைச் சுற்றி ஒட்டியிருந்த காகிதப் பட்டை, டீச்சரின் கையெழுத்தோடு சேர்ந்து இரண்டாகக் கிழிந்திருந்தது.

"என்னங்க, நம்ம பொண்ணோட சயின்ஸை நான் சாப்பிட்டுட்டேன்."

கணவர் செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையுமா?"

"ஒரு துண்டு பிரெட்தான் இருந்துச்சு. மொறுமொறுன்னு, லேசா உப்பு போட்டு. நீங்கதான் எனக்குன்னு எடுத்து வெச்சீங்களோன்னு நெனச்சேன்."

"பதினாறு வருஷத்துல நான் எப்ப வெச்சிருக்கேன்?"

அதுவும் நியாயம்தான்.

"வயித்துக்கு ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணும் பண்ணல. அதான் பயமா இருக்கு."

மகளின் மேசையில் அறிவியல் புத்தகம் திறந்தபடி கிடந்தது. பக்கம் முழுக்க ஒரு ரொட்டியின் படம். அதன்மேல் பச்சைப் பூஞ்சை. அவளுக்கு ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. எது சீக்கிரம் புரிந்தாலும் தனக்கு நல்லதல்ல என்பதை நாற்பது வயதிலும் அவள் கற்றிருக்கவில்லை.

மகள் கைப்பந்துப் போட்டிக்காக வெளியூர் போயிருந்தாள். வியாழன் மாலைதான் வருவாள். வெள்ளிக்கிழமை இந்தச் செய்முறைக்கு இருபது மதிப்பெண். அது கிடைத்தால்தான் அடுத்த வருஷம் அவள் ஆசைப்படும் அறிவியல் மன்றத்தில் இடம். போன் செய்து கேட்டிருக்கலாம். ஆனால், போன வருஷம் பட்டாம்பூச்சியாக வேண்டிய புழுவைச் செருப்பால் அடித்தவள் இவள். அன்றிலிருந்து மகள் தன் அறிவியலைப் பற்றி அம்மாவிடம் வாய் திறப்பதில்லை.

"புதுசா ஒரு துண்டை வெச்சு ஒட்டிடேன்," என்றார் கணவர்.

"பூஞ்சையே இல்லாமலா? முட்டை மார்க் வாங்கவா?"

சாப்பிட்ட துண்டிலும் ஒரு புள்ளி பூஞ்சை இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாவம், குழந்தைக்கு வளர்க்கத் தெரியவில்லை. அம்மாவின் ராசி. அவளும் ஒன்பதாம் வகுப்பில் இதே பூஞ்சையை வளர்க்க வேண்டியிருந்தது. 'பச்சை நிறப் பூஞ்சை காணப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கினாள். ரொட்டியை முதல் நாளே தின்றிருந்தாள். அந்த ஒன்பது மதிப்பெண் இன்றுவரை ஜீரணமாகவில்லை.

இந்த முறை உண்மையான பூஞ்சையையே வளர்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஒரு துண்டை நனைத்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். மறுநாள் காலை அது நனைந்த ரொட்டியாகவே இருந்தது. அழைக்காதபோதெல்லாம் ஊறுகாயிலும் குளியலறைச் சுவரிலும் வந்து குடியேறிய பூஞ்சை, அழைத்தவுடன் பிகு பண்ணியது.

மாடியில் இருந்த நாத்தனாரிடம் போனாள்.

"உங்க வீட்டுல பூசணம் புடிச்ச பிரெட் ஏதாவது இருக்கா?"

நாத்தனார் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "ஏன் அண்ணி, என் வீட்டைப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"இல்ல, ஃப்ரிட்ஜ் பின்னாடி எங்கயாவது..."

"பின்னாடியா? வாங்க, வந்து நீங்களே பாருங்க!"

பார்த்தாள். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் இவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிடச் சுத்தமாக இருந்தது. அதற்குள் நாத்தனார் அண்ணனுக்குப் போன் போட்டு அழ ஆரம்பித்திருந்தாள்.

ரொட்டிக் கடையில் கூட்டம். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

"அண்ணே, பூஞ்சை புடிச்ச பிரெட்..."

"எங்க கடையிலயா?" என்று கடைக்காரர் அலறினார். வரிசையில் நின்ற மூன்று பேர் கையிலிருந்ததை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். "அக்கா, சத்தம் போடாதீங்க. தெரியாம நடந்திருக்கும். இந்தாங்க, சுடச்சுட ரெண்டு பாக்கெட். காசு வேணாம்."

"இல்லண்ணே, எனக்குக் கெட்டுப்போனதுதான்..."

"நாலா வெச்சுக்கோங்க!"

வீட்டில் புத்தம்புது ரொட்டி நான்கு பாக்கெட் சேர்ந்தது.

வியாழக்கிழமை அலுவலகத்தில் நாற்றம் தாங்க முடியவில்லை. ஒரு வாரமாகவே அப்படித்தான். எலி செத்திருக்கிறது என்று முதலில் சொன்னவள் அவள்தான். புகார்க் கடிதம் எழுதிப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான். இன்று பியூன் ஒவ்வொரு மேசையாக மோந்துகொண்டே வந்து அவள் மேசை முன்னால் நின்றார்.

"மேடம், எலி இங்கதான் இருக்கு."

கீழ் இழுப்பறையைத் திறந்தார். அவளுடைய டிபன் பாக்ஸ். எப்போதோ மறந்துபோனது. உள்ளே ரொட்டி, பச்சையும் சாம்பலும் கறுப்புமாக, வெல்வெட் போல. பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அவமானத்தில் செத்திருக்க வேண்டியவள், டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கடவுளே, நான் இப்படியே இருக்கணும்," என்றாள்.

மகள் வருவதற்குள் ரொட்டி தகர டப்பாவுக்குள் போய்விட்டது. கிழிந்த பட்டையைப் பசை தடவி, கையெழுத்தின் வால் பிசகாமல் ஒட்டினாள். மறுநாள் காலை மகள் டப்பாவைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போனாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு செய்முறையை முழுதாகச் செய்து முடித்த திருப்தியில் அம்மாவுக்குக் கண் கலங்கியது.

மதியம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பாராட்டத்தான் இருக்கும் என்று தலையைச் சீவிக்கொண்டு போனாள்.

ஆசிரியர் அறையில் டீச்சரின் மேசை மேல் டப்பா திறந்திருந்தது. பக்கத்தில் மகள், அழுது வீங்கிய கண்களோடு.

"நல்லா வந்திருக்குல்ல டீச்சர்?" என்றாள் இவள், பெருமையை அடக்க முடியாமல்.

"வந்திருக்குங்க. வகுப்புல எல்லாரோடதுலயும்தான் வந்திருக்கு," என்றார் டீச்சர் களைப்போடு. "ஆனா பிரெட்டைப் பத்து நாளைக்கு மேல கெட்டுப்போகாம வெச்சுக் காட்டணும், அதாங்க செய்முறையே. என்னோடது கெட்டிருக்கவே கெட்டிருக்காதுன்னு உங்க பொண்ணு ஒரே அழுகை. அப்படிக் கெடாத பிரெட்டை எடுத்துச் சாப்பிட்டுட்டு நல்லா இருக்கேன்னு யாராவது வந்து சொல்லட்டும், இப்பவே இருபதுக்கு இருபது போட்டுடறேன்."