தொலைந்த அறுபத்தைந்து

மனசு படபடக்கும்போது சிலர் நகம் கடிப்பார்கள். நான் எதையாவது சுத்தம் செய்வேன். அந்தப் பழக்கத்தால்தான் பிரியாவைத் தொலைத்தேன்.

சிங்கப்பூரின் வடக்கே கிராஞ்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பண்ணை பார்த்துவிட்டுத் திரும்ப பஸ் வரவேயில்லை (அந்தப் பக்கம் பஸ் என்பது ஒரு வதந்தி). நிறுத்தத்தில் மடியில் கறிவேப்பிலைச் செடியோடு அவள் உட்கார்ந்திருந்தாள். மழை. பேச ஆரம்பித்தோம். வாழ்க்கையில் முதன்முறையாக பஸ் வந்ததற்காக வருத்தப்பட்டேன். இறங்கும்போது அவளே என் போனை வாங்கித் தன் பெயரையும் எண்ணையும் பதிந்தாள்.

“மெசேஜ் பண்ணுங்க. மறந்துடாதீங்க லா.”

வீட்டுக்கு வந்ததும், என்ன எழுதுவதென்று தெரியவில்லை. சரி, முதலில் போனிலுள்ள எண்களை ஒழுங்குபடுத்துவோம் என்று கணினிமுன் உட்கார்ந்தேன். நான் புரோகிராமர். சில எண்களில் இடைவெளி, சிலவற்றில் கோடு, சிலவற்றின் முன்னால் சிங்கப்பூரின் நாட்டுக் குறியீடான 65. இவற்றைத் தேடி நீக்க ‘ரெஜெக்ஸ்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன். ‘தொடக்கத்தில் இருக்கும் 65-ஐ மட்டும்’ என்று சொல்ல ஒரு சின்னக் குறி போட வேண்டும். போடவில்லை. நடுவில் இருந்த 65-களும் போய்விட்டன. பழைய பட்டியலையும் மேதை நான் அழித்திருந்தேன்.

பிரியாவின் எட்டு இலக்கத்தில் ஆறுதான் மிச்சம்.

65-ஐ ஒவ்வோர் இடமாகச் செருகி அழைத்தேன். ஒரு மலாய்க்கார அம்மா என்னைத் தன் மருமகன் என்று நினைத்துத் திட்டினார். அடுத்த எண்ணில் ஒரு கனத்த குரல்.

“பிரியாவா? என் பொண்டாட்டிதான். நீ யாருப்பா?”

“அவங்களுக்கு என்ன வயசு அங்கிள்?”

“அம்பத்தெட்டு. ஏன்?”

வைத்துவிட்டேன்.

மற்றவை புழக்கத்தில் இல்லை. ஒன்று மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத எண்ணை இந்த ஊரில் யார் எடுக்கிறார்கள்? ‘கிராஞ்சி பஸ். நான்தான்’ என்று செய்தி அனுப்பினேன் (மோசடிக்காரன்கூட இதைவிட நன்றாக எழுதுவான்). பதில் இல்லை.

பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் என் அக்கா, யார் வீட்டுப் பெண்ணை எனக்கு அறிமுகப்படுத்தினாலும் இப்போதும் சொல்வாள்: “நம்பர பேப்பர்லயும் எழுதிக் குடுத்துடும்மா. இவன் கிளீன் பண்ணிடுவான்.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

பிரியா காத்திருந்தாளா, இவனும் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாளா, தெரியவில்லை. போன வருஷம் அலுவலகத்தில் இந்த எண்ணுக்குப் பதிலாகப் புது எண் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். எங்கோ ஒரு போனில் என் எண் எடுக்கப்படாத அழைப்பாகக் கிடக்கிறது.