கோணல் சோப்பும் தகடு சாரும்

மனிதன் நிமிர்ந்து நிற்பதற்கு முதுகெலும்புதான் காரணம் என்று மருத்துவர்கள் சொல்லித் திரிகிறார்கள். தொழிற்சாலைக்குள் காலெடுத்து வைக்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். இந்த உலகில் எதுவெல்லாம் நேராக நிற்கிறதோ, அதுவெல்லாம் ஷிம் தகட்டின் தயவில் நிற்கிறது.

ஷிம் தகடு என்பது காகிதம்போல் மெல்லிய பித்தளை, அல்லது எஃகு. இயந்திரத்தின் காலுக்கும் தரைக்கும் நடுவே சந்து விழுந்தால், அளந்து கத்தரித்துச் செருகிவிடுவார்கள். ஆட்டம் நின்றுவிடும். யார் தப்பு என்ற கேள்வியும் அத்தோடு நின்றுவிடும்.

அந்தச் சோப்புத் தொழிற்சாலையின் பராமரிப்பு மேலாளர் இந்தத் தத்துவத்தைக் கரைத்துக் குடித்தவர். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் பித்தளைத் துண்டுகள் வைத்திருப்பார். ஆகவே 'தகடு சார்' என்பதே அவருக்குப் பேராகிவிட்டது. வீட்டில் கட்டில் முனகினால் தகடு, கதவு இடித்தால் தகடு. ஒருமுறை மனைவி கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். "நமக்குள்ள ஒரு சின்ன இடைவெளிதான்..." என்று ஆரம்பித்தார்.

"பையில கை வச்சீங்கன்னா கையை உடைச்சிடுவேன்" என்றாள் அவள்.

பேச வைத்துவிட்டாரல்லவா? அதையும் வெற்றிக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

தொழிற்சாலையில் புதிதாக ஒரு கூடம் கட்டி, சோப்பு வெட்டும் இயந்திரம் ஒன்றை இறக்கினார்கள். கூடத்துக்குத் தரை போட்டவர் பொது மேலாளரின் மச்சான். காண்ட்ராக்டர்களிலேயே அனுபவசாலி. அதற்குமுன் அவர் போட்டதெல்லாம் நீச்சல் குளத்துத் தரைகள். ஆகவே கை தானாகவே ஒரு பக்கம் ஆழமாகப் போய்விடும். இயந்திரத்தை ஓட்ட வந்தவளோ தகடு சாரின் மச்சினி. வீட்டில் அவரை 'மாமா' என்பாள், தொழிற்சாலையில் 'சார்' என்பாள். கோபம் வந்தால் இரண்டும் கலந்துவிடும்.

"மாமா சார், இங்க வந்து பாருங்க. ஒரு பக்கம் செங்கல் மாதிரி, இன்னொரு பக்கம் சீப்பு மாதிரி. இதைச் சோப்புன்னு வித்தா கையை வெட்டிக்குவாங்க."

தகடு சார் ரசமட்டத்தை எடுத்து இயந்திரத்தின்மேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது.

"தரை இறங்குது மாமா."

"உஸ்! தரை யாரு போட்டதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் இறங்குது."

தகடு சார் மண்டியிட்டு, இறங்கிய காலுக்கு ஒரு தகடு வைத்தார். சோப்பு நேராக வந்தது. கைதட்டல். அடுத்த வாரம் தரை இன்னும் கொஞ்சம் இறங்கியது, இன்னொரு தகடு. பிறகு எதிர்க்கால், அதற்குப் பக்கத்துக் கால். மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகச் சேர, இயந்திரத்துக்குக் கீழே மெத்தை போட்டதுபோல் ஆயிற்று. பொத்தானை அழுத்தியதும் அது குதிக்கத் தொடங்கியது. மச்சினி மரப்பலகைமேல் ஏறி நின்று, அது மேலே வரும்போது ஒரு வெட்டு, கீழே போகும்போது ஒரு வெட்டு என்று தாளம் பிசகாமல் வெட்டினாள்.

"மெத்தை ஆச்சு. தலகாணி எப்போ வரும் சார்?"

"தகிடுதத்தம் கேள்விப்பட்டிருக்கேன், இப்பத்தான் 'தகடு'தத்தம் பாக்குறேன்" என்றார் வாசல் காவலர்.

பெட்டிக்குள் போக மறுத்த சோப்புகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. பொது மேலாளர் தீவிரமாக ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்: ஆபரேட்டர் நேராக நிற்பதில்லை. வேலையை விட்டு எடுக்க வேண்டியதுதான். முதலாளியம்மா தலைமையில் புதுக் கூடத்திலேயே 'உயர்மட்டக் கூட்டம்' என்று அறிவிப்பு வந்தது.

அன்று சாயங்காலம் மனைவி தகடு சாரின் முன்னால் வந்து நின்றாள்.

"என் தங்கச்சி வேலை போச்சுன்னா, நீங்களும் உங்க பித்தளையும் வராந்தாவுல படுத்துக்கலாம்."

"தரைன்னு வாயைத் திறந்தா என் வேலை போயிடும்டி."

"அப்ப ரெண்டு பேரும் வராந்தாவுல படுத்துக்குங்க."

உயர்மட்டக் கூட்டம் பெயருக்கேற்றபடி ஒரு பக்கம் உயர்வாகவும் மறுபக்கம் மட்டமாகவும் நடந்தது. பேசப் பேச நாற்காலிகள் மெல்ல மச்சானை நோக்கி நகர்ந்தன. அவருடைய செல்வாக்கு அப்படி.

முதலாளியம்மா கோணல் சோப்பு ஒன்றைக் கையில் எடுத்தார். ஈரம். நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் கிடக்காமல் மெல்லக் கிளம்பி, மேசைக்கடியில் புகுந்து, கணக்கரைத் தாண்டி, பொது மேலாளரைக் கடந்து, மச்சானின் செருப்பில் போய் முட்டி நின்றது. மோப்ப நாய்கூட இத்தனை கச்சிதமாகப் போயிருக்காது.

"சோப்பு ஏன் தானா போகுது?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"தரமான சோப்பும்மா. வழுக்கல் ஜாஸ்தி" என்றார் பொது மேலாளர்.

"தரை?"

"தரை பக்கா சமம். நானே கூட நின்னு போட்டேம்மா" என்றார் மச்சான்.

"எந்தப் பக்கமா சாஞ்சு நின்னீங்க?" என்றாள் மச்சினி.

"பாருங்கம்மா! வாயும் கோணல், வேலையும் கோணல். இன்னியோட இவங்களை அனுப்பிடலாம்" என்று பொது மேலாளர் எழுந்தார். "நம்ம பராமரிப்பு மேலாளரே சொல்லட்டும்."

எல்லோரும் தகடு சாரைப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் மச்சான், அந்தப் பக்கம் மச்சினி. தரை கோணல் என்று இரண்டே சொல் சொன்னால் போதும். தொண்டைவரை வந்துகூட விட்டன. மச்சினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொது மேலாளரும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தகடு சார் மனதுக்குள் அளந்தார்.

"அம்மா, தரையும் சரி. மிஷினும் சரி. ஆபரேட்டரும் சரி. பூமிதாம்மா உருண்டை."

தகடு சார் செருப்பருகே கிடந்த சோப்பைச் சுட்டிக்காட்டினார்.

"உருண்டைமேல நேரா ஒரு தரை போட்டா எப்படி இருக்கும்? பூமி வளையுற இடத்துல நம்ம கூடம் மாட்டிக்கிச்சு."

"நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் பொது மேலாளர்.

முதலாளியம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பூமியை யாரு ஏற்பாடு பண்ணது?"

"அது நாம வர்றதுக்கு முன்னாடியே இருந்ததும்மா."

"அப்ப நம்ம பொறுப்பு இல்ல" என்று அவர் பெருமூச்சு விட்டார்.

பூமியைக் கண்டித்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மச்சினிக்கு வேலை நிலைத்தது. கோணல் சோப்புக்கு ஏற்றபடி பெட்டிகளைக் கோணலாகச் செய்ய உத்தரவாயிற்று. தகடு சார் 'துணைப் பொது மேலாளர் (சமநிலை)' ஆனார். களங்கம் நீங்கிய மச்சானுக்கு, தொழிற்சாலையின் சமூக சேவைக் கணக்கில், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு மாடி கட்டும் வேலை கிடைத்தது.

சில வாரங்கள் கழித்து தகடு சாரும் மனைவியும் அந்தத் தெரு வழியாகப் போனார்கள். பள்ளிக்கூடத்தின்மேல் புதுத் தூண்கள் எழும்பியிருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் யாரையோ நலம் விசாரிப்பதுபோல் குனிந்திருந்தது.

மனைவி நின்றுவிட்டாள்.

"நம்ம பொண்ணு வகுப்பு அந்த மாடிக்குத்தாங்க மாறப்போகுது. அன்னைக்கு ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாமில்ல?"

தகடு சார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்தத் தூணுக்கு எந்தக் கனத்தில் தகடு தேவைப்படும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக் குறித்துக்கொண்டார். மகளின் தலைக்குமேல் என்ன இருக்கப்போகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்த தகப்பன் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவர் ஒருவர்தான்.