வியாழக்கிழமை என்னைப் பொய் மெஷினில் உட்கார வைக்கிறார்கள்

ஹாலோவே, அலபாமா
ஏப்ரல் 16, புதன்கிழமை காலை

அன்புள்ள மச்சான் ஹோலிஸுக்கு,

உன் அக்காள் புருஷன் வெர்லன் எழுதுவது. இங்கே நானும் ஒலீட்டாவும் நாயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ஏரிக்கு அந்தக் கரையில் நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் எடை மேடையை விட்டு இறங்கியதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தில் இன்னொரு சௌகரியம், நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். நாளை காலை பத்து மணிக்கு என்னைப் பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்கார வைக்கிறார்கள். முதலில் வந்தவன் மெஷினில் தேறினால்தான் கோப்பை, இல்லாவிட்டால் இரண்டாவதாக வந்தவனுக்கு என்பது நம் சங்கத்து விதி. நான்கு தடவை ஜெயித்து நான்கு தடவையும் அதில் உட்கார்ந்து எழுந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இது முதல் தடவை. முப்பத்தோரு வருஷமாக இந்த ஏரியில் பாஸ் மீன் போட்டிக்குப் படகு இறக்குகிறேன், இதுவரை நான் வாங்கிய ஒரே பரிசு ஒரு தொப்பி, அதுவும் அந்த வருஷம் வந்த எல்லோருக்கும் கொடுத்தது. இப்போது ராய்ஸ் தன் தூண்டில் கடைச் சுவரில் இருக்கும் பலகையில் என் பெயரை எழுதப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறார். சங்கத் தலைவர் அவர்தானே, மெஷின் முடிவு வந்ததும் எழுதிவிடுவாராம். எனக்கு அந்தப் பலகையில் பெயர் வேண்டும் மச்சான். அறுபத்தேழு வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வேண்டும்.

நான் எடை கூட்ட மீன் வயிற்றில் ஈயக்குண்டு திணிக்கவில்லை. முதல் நாளே பிடித்துக் கூண்டில் கட்டி வைக்கவில்லை. ராய்ஸ் கொடுத்த கேள்வித்தாளில் ஆறு கேள்வி இருக்கிறது, அதில் ஐந்துக்கு நான் பைபிள் மேல் கை வைத்துப் பதில் சொல்வேன். மூன்றாவது கேள்விதான் என் உயிரை எடுக்கிறது. தடை வாரத்தில் மீன் இருக்கும் இடம் பற்றி யாரிடமிருந்தாவது உனக்குத் தகவல் கிடைத்ததா? ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டுமாம்.

தடை வாரம் என்றால் நான் எவ்வளவு ஒழுங்காக இருப்பேன் என்று உனக்குத் தெரியும். போட்டிக்கு முந்தைய ஏழு நாள் ஏரிப் பக்கமே போகக்கூடாது, ஏரியைப் பற்றி யாரிடமும் கேட்கவும் கூடாது என்றால் நான் காதில் விழவும் விடமாட்டேன். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போனேன், பக்கத்து நாற்காலிக்காரர் “மேற்குக் கரைப்பக்கம் தண்ணி கொஞ்சம் சூடா...” என்று ஆரம்பித்தார், நான் துணியைக் கழுத்தில் கட்டியபடியே வெளியே ஓடிவந்துவிட்டேன். திங்கட்கிழமைப் பத்திரிகையில் என் படத்தில் ஒரு பக்கம் மட்டும் முடி தொங்குவதற்கு அதுதான் காரணம். அதற்கு முந்தைய ஞாயிறு சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்தில் சீடர்கள் ராத்திரி பூராவும் ஒரு மீனும் கிடைக்காமல் இருந்த கதைக்கு வந்தார். அடுத்து எந்தப் பக்கம் வலை போட்டால் கிடைக்கும் என்று சொல்லப்போகிறார் என்பது தெரிந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மனிதர் பின்னாலிருந்து “வெர்லன், இது வேற ஏரிப்பா!” என்று கத்தினார். ரிஸ்க் எடுக்க வேண்டாம் என்று நான் திரும்பியே பார்க்கவில்லை.

இப்படிக் காத்த காதில் அந்த வார வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் உன் அக்காள் கொண்டுவந்து கொட்டினாள். மக்காச்சோள ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, யாரோ ஊரார் கதை பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

“ஏங்க, நம்ம ஹோலிஸ் வண்டி இந்த வாரத்துல மூணு தடவ பழைய கல்லறைக்குப் பின்னால அந்த ஓடைப்பக்கம் நிக்குது. நேத்து கடையில பாக்குறேன், முழங்கால் வரைக்கும் செம்மண்ணு. அவன் வீட்டு வாசல்ல மார்ச் வரைக்கும் கெடந்த கிறிஸ்துமஸ் மரத்தையும் காணோம். அங்க என்னதான் பண்றான் அவன்?”

நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உரக்கப் பாட ஆரம்பித்தேன்.

“பாடாதீங்க, நாய் பயப்படுது,” என்றாள்.

ஆனால் எல்லாம் உள்ளே போய்விட்டது. வண்டி, ஓடை, செம்மண், மரம். காதுக்குக் கதவு இல்லையே மச்சான், நான் என்ன செய்வேன்? அன்று முழுக்க எங்கே நின்றாலும் அந்த ஓடைதான் கண்ணுக்குள் நின்றது.

சனிக்கிழமை காலையில் எனக்குப் படகுத் துணையாகச் சீட்டில் விழுந்தது லோவெல். சாவு வீட்டுக் காரியங்களை எல்லாம் நடத்திக் கொடுத்து நாற்பது வருஷம் பழகிய மனிதர் ஆயிற்றே, மீன் அறுத்துக்கொண்டு போனால்கூட “ரொம்ப வருத்தமான செய்திதான், மனச தேத்திக்குங்க” என்று மெல்லச் சொல்வார். நான் வேண்டுமென்றே படகை அணைக்கட்டுப் பக்கம் விட்டேன், கல்லறை ஓடைக்கு நேர் எதிர்த் திசை. மத்தியானம் வரைக்கும் அங்கேயே வீசினேன். கிடைத்தது இரண்டு மீன், இரண்டும் அளவுக் கோலில் நூலிழையில் தேறியவை. அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை என்று நடு ஏரிக்கு வந்தால் மோட்டாரில் பாசி சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. நான் பின்னால் குனிந்து பாசியை அறுத்துக்கொண்டிருக்கிறேன், தெற்குக் காற்று படகைத் தள்ளிக்கொண்டே போகிறது. அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் நேர் எதிரே கல்லறைக் கற்கள் தெரிகின்றன.

“லோவெல், இங்க வேணாம்! திருப்புங்க!” என்று கத்தினேன்.

“காத்து கூட்டிட்டுப் போற எடத்துக்குப் போறதுதான் வெர்லன்,” என்றார் அவர். “கடைசியில எல்லாரும் இங்கதான வரணும்.”

அந்த நேரத்தில்தான் உன் படகு ஓடையிலிருந்து வெளியே வந்தது. நான் கையாட்டினேன், நீ ஆட்டவில்லை. படகில் மீன் தொட்டி நிறைந்தவன் முகம் உனக்கு எப்போதுமே மறைக்கத் தெரியாது. நீ போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எந்தத் திசையில் வீசுகிறோம் என்றே தெரியாமல் வீசினால் தகவலைப் பயன்படுத்தினான் என்று எவனும் சொல்ல முடியாதல்லவா? முதல் வீச்சில் லோவெலின் தொப்பி போனது. இரண்டாவது வீச்சில் தூண்டில் வளைந்து தண்ணீரைத் தொட்டது. ஆறு பவுண்டு மச்சான்! வாய் அகலமாய், வயிறு தொங்க. கண்ணைத் திறக்காமலே இழுத்தேன், லோவெல்தான் தூக்கிப் போட்டார். அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. அதற்கப்புறம் கண்ணைத் திறந்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். எடை போட ஐந்து மீனுக்கு மேல் கூடாதே, அது நிறைந்தபின் இன்னும் இரண்டு பெரியது மாட்ட, காலையில் பிடித்த குட்டிகள் இரண்டையும் மாற்றி வெளியே விட்டேன். முப்பத்தோரு வருஷத்தில் தொட்டியில் இருந்த மீனை வேண்டாம் என்று திருப்பி விட்டது அன்றுதான்.

கடைசி வீச்சில் தூண்டில் முள்ளில் இருந்த ரப்பர் புழு அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்தேன். ஒரு பைன் கிளை ஒடிந்து மேலே வந்தது. அதைச் சுற்றி வெள்ளிச் சரிகைத் தோரணம். தோரணத்தில் ஒரு மர நட்சத்திரம். நட்சத்திரத்தில் என் பெண்டாட்டி கையெழுத்தில் “தம்பி ஹோலிஸுக்கு, அக்கா ஒலீட்டா.” பெயிண்ட் கொஞ்சம்கூட உரியவில்லை, நேற்றுத்தான் தண்ணீரில் போட்ட மாதிரி இருந்தது. மரத்தைக் கல்லில் கட்டிப் போட்டால் மீன் குடிவரும் என்று நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான், ஆனால் தோரணத்தையும் கழற்றாமல் போட்டிருக்கிறாயே, அவ்வளவு அவசரமா? நான் லோவெலைப் பார்த்தேன். அவர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “குடும்ப சாமான். நான் எதையும் பாக்கல,” என்றார்.

மீதி உனக்குத் தெரியும். எனக்குப் பத்தொன்பது பவுண்டு ஆறு அவுன்ஸ், உனக்குப் பத்தொன்பது பவுண்டு நாலு. “எங்க புடிச்சீங்க மாமா?” என்று கேட்டாய். “தண்ணியில,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து நாளில் மூன்று தடவை புல் வெட்டிவிட்டேன், மூன்றாவது தடவை வெட்டப் புல்லே இல்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் நடக்கிறேன், நாய் என் பின்னாலேயே நடந்து நடந்து களைத்து இப்போது கண்ணால் மட்டும் நடக்கிறது. ஒலீட்டா பார்த்தாள், “வாங்க, நான் பழக்கி விடுறேன்” என்று என் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்து வந்து கையில் சுற்றினாள்.

“ஒங்க பேரு என்ன?”

“வெர்லன் டிட்மோர்.”

“பேருக்கே நூத்தறுபதா! சரி, சனிக்கிழமை ஏமாத்துனீங்களா?”

“இல்ல.”

“நூத்தறுபத்தஞ்சு, பரவால்ல. நான் செய்யுற கோழி வறுவல் ஒங்களுக்குப் புடிக்குமா?”

“புடிக்கும்.”

அவள் எண்ணைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா கல்யாணமான அன்னைக்கே ஒண்ணு வாங்கியிருப்பேன்,” என்று பட்டையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாளாக வீட்டில் டப்பாவில் அடைத்த சூப்தான்.

அதனால் மச்சான், உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நீ அந்த ஓடைக்கு மீன் விஷயமாகப் போகவில்லை என்று ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. உங்கள் தாத்தா அந்தக் கல்லறையில்தானே இருக்கிறார், அவருக்குப் பூ வைக்கப் போனேன் என்று எழுது. பாம்பு அடிக்கப் போனேன் என்று எழுது. வீட்டில் சண்டை, தனியாக உட்கார்ந்து அழப் போனேன் என்றுகூட எழுதலாம், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அப்படியானால் உன் அக்காள் சொன்னது வெறும் குடும்பச் செய்தி, மீன் செய்தி இல்லை. நானும் மூன்றாவது கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்து “இல்லை” என்று சொல்லலாம். நான் தேறாவிட்டால் கோப்பை உனக்குத்தான் வரும் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் கோப்பை வந்தால் மெஷினும் கூடவே வரும், அதையும் நீ யோசி. தடை வாரத்தில் தண்ணீரில் முழங்கால் வரை நின்றவனுக்கு தடை வாரத்தில் ஏரிப் பக்கம் போனாயா என்கிற முதல் கேள்வியே சரிப்படாது.

மரத்தைப் பற்றியோ நட்சத்திரத்தைப் பற்றியோ என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. என் தலையைச் சீவினாலும் வராது. நாம் ஒரே குடும்பம். நட்சத்திரம் என் கருவிப்பெட்டியில் திருப்புளிகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது, ஒலீட்டாவுக்குக்கூடத் தெரியாது. அவள் இன்று சாயங்காலம் உங்கள் பக்கம் வருவாள், கடிதத்தை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு.

உன் படகுக்குக் காற்றும், உன் வீட்டுக்கு நிம்மதியும், உன் பிள்ளைகளுக்கு நல்ல பல்லும் கடவுள் தரட்டும். உன் வீட்டுக்காரிக்கு எங்கள் அன்பு. அவள் கொடுத்த ஊறுகாய் பாட்டில் காலி, திருப்பித் தருகிறோம்.

என்றும் உன் நலம் விரும்பும்,
மாமா வெர்லன்

பின்குறிப்பு, வியாழக்கிழமை மத்தியானம்: ஒலீட்டா நேற்று உங்கள் பக்கம் வரவில்லை, என்னோடு பேசவும் இல்லை, அதனால் கடிதம் மேசையிலேயே இருந்துவிட்டது. உன் கையெழுத்து இல்லாமலே போய் மெஷினில் உட்கார்ந்தேன். மூன்றாவது கேள்வி வந்தது. “ஆமாம்” என்று சொல்லிவிட்டேன் மச்சான், வேறெதுவும் வாயில் வரவில்லை. யார் சொன்னது என்று ராய்ஸ் கேட்டார். என் பெண்டாட்டி என்றேன். மனிதர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “பொண்டாட்டி சொல்றத யாரு வெர்லன் தகவல்னு சொன்னது? அதச் சேத்தா பலகையில ஒருத்தன் பேரும் நிக்காதுய்யா!” என்று என் முதுகில் தட்டிவிட்டு அங்கேயே பெயிண்டைக் குழப்ப ஆரம்பித்தார். நான் ஜெயித்துவிட்டேன். ஐந்து நாள் அடைத்து வைத்த வாய், சந்தோஷத்தில் தானாகத் திறந்துகொண்டது. உடம்பில் ஒயர் எல்லாம் மாட்டியிருக்கும்போதே வண்டி, செம்மண், மரம், தோரணம், நட்சத்திரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெஷின்காரர் தாளைப் பார்த்து “இது அத்தனையும் நெஜம்” என்றார். ராய்ஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டார். நாளை காலை பத்து மணிக்கு உன்னை வரச் சொல்லியிருக்கிறார், நீ ஜெயித்த அந்த நான்கு வருஷத்துக் காகிதங்களும் மேசை மேல் எடுத்து வைத்திருக்கிறார். பயப்படாதே, நாற்காலி மெத்தென்று இருக்கிறது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடு மச்சான், நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.