மாப்பிள்ளை வழிக்கு வந்தார்

இனிமேல் செத்தாலும் யாரிடமும் வழி கேட்பதில்லை என்று போன வருஷம் பங்குனியில் ஒரு முடிவெடுத்தேன். சும்மா எடுக்கவில்லை, பந்தியில் வைத்து அவமானப்பட்டு எடுத்தேன்.

என் பெயர் உதயகுமார். அருப்புக்கோட்டையில் பெயின்ட் கடை. ஊரில் பாதிச் சுவருக்கு நிறம் கொடுத்தவன் நான். ஆனால் எனக்குத் திசை மட்டும் பிடிபடாது. கிழக்கு எது, மேற்கு எது என்று கேட்டால் சூரியனைப் பார்த்துத்தான் சொல்வேன். உச்சி வெயிலில் கேட்டால் சாயங்காலம் வரச் சொல்லுவேன்.

என் மனைவி தங்கச்செல்விக்கு ஒரே அண்ணன், சுந்தரபாண்டி. எம்.ரெட்டியபட்டியில் பருத்தி, கம்பு என்று வெள்ளாமை. அவர் வீட்டுக் காதுகுத்தில் பந்திக்குத் தயிர் பத்தாமல் போனது. "மாப்பிள்ள, பாலவனத்தம் வரைக்கும் போய் ஒரு கேன் வாங்கிட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார். போனேன். ரோடு அது பாட்டுக்குப் போனது, நானும் அதோடு போனேன். வண்டியை நிறுத்திப் பார்த்தால் விருதுநகர். தயிரோடு திரும்பி வந்தபோது சனம் பாயசம் முடித்து பீடா மென்றுகொண்டிருந்தது.

மச்சான் பந்தி நடுவில் நின்று சொன்னார்: "எங்க மாப்பிள்ளைக்குக் கடையிலருந்து வீட்டுக்கு வரவே ஆள் துணை வேணும். கல்யாணத்தன்னைக்கு மணமேடைக்கு ஒழுங்கா வந்து சேந்தாருன்னா, முன்னால மேளக்காரன் நடந்தான், அதான்."

பந்தியே சிரித்தது. ஒரு பெரியவருக்குப் புரையேறித் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. என்னைக் கட்டினவளும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

யாரிடமும் வழி கேட்பதில்லை என்ற முடிவோடு, இன்னொன்றையும் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன். "இனிமே உங்கண்ணன் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

"படுக்கவா கூப்புட்டாக? சாப்பிடத்தான கூப்புட்டாக" என்றாள்.

நான் இறங்கி வரவில்லை. ஆவணியில் மச்சான் ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்தில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். நான் போகவில்லை. தங்கச்செல்வி மட்டும் பஸ் ஏறிப் போய், "மாப்பிள்ளை வரலையா" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொய் சொல்லிவிட்டு வந்து, ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள். எனக்கும் மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் ரோஷம் என்பது பெயின்ட் மாதிரி. ஒரு தடவை அடித்துவிட்டால் சுரண்டி எடுக்கிறது லேசு இல்லை.

பக்கத்துக் கடை மாரிச்செல்வம் செல்போன் கடைக்காரன். என் வருத்தத்தைப் பார்த்து என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தான்.

"அண்ணே, இது மலையேறுறவங்க வச்சிருக்கிற மேப்பு. முன்னாடியே இறக்கி வச்சுக்கிட்டா டவர் இல்லாத காட்டுலயும் வழி சொல்லும்."

"நம்ம பக்கம் மலைக்கு எங்கடா போவேன்?"

"மலை எதுக்குண்ணே, நமக்குத்தான் முள்ளுக்காடு இருக்கே. நடந்த தடம் பூரா சிவப்புக் கோடா விழுந்துரும். திரும்பணும்னா கோட்டப் பிடிச்சே வந்துரலாம். போற எடத்துல கொடி நட்டுக்கிடலாம்."

அதில் ஒரு அம்மா பேசினாள். "இடது பக்கம் திரும்பவும்" என்பாள். திரும்பாவிட்டால், "பாதையை விட்டு விலகிவிட்டீர்கள்" என்பாள். அவ்வளவுதான். நான் தப்புச் செய்தபோது குரலை உயர்த்தாமல் எடுத்துச் சொன்ன பெண்ணை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன், அதாவது கேட்டேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் காடுதான். தலையில் தொப்பி, முதுகில் பை, கையில் போன். வறண்ட கண்மாய், மணல் ஓடை, பனை வரிசை ஒன்று விடாமல் நடந்தேன். வீட்டுக்கு வந்து தங்கச்செல்வியிடம் சிவப்புக் கோட்டைக் காட்டுவேன்.

"இது என்னங்க, குழந்தப்புள்ள கிறுக்குன மாதிரி?"

"நான் போன வழிடி."

"நேராப் போகத் தெரியாதா உங்களுக்கு?"

"ஓடை வளைஞ்சா நானும் வளையணும்ல."

"ஓடைக்குன்னா வளையுறீக" என்றாள். அப்போது எனக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை.

இப்படி இருக்கையில் மச்சான் டிராக்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு என்று சேதி வந்தது. தங்கச்செல்வி கண் கலங்கிப் போனாள். "ஒரு எட்டு ரெண்டு பேருமா போய்ப் பாத்துட்டு வந்துருவோமா?" என்று கேட்டாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்காவிட்டால் விட்டுவிட்டாள் என்று அர்த்தம் இல்லை, வேறு வேலை ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம். இது எனக்கு இப்போதுதான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, எங்க பொறந்த வீட்டு வகையில சாமி ஒண்ணு இருக்கு. ரொம்ப நாளாப் போய்ப் பாக்கல. மனசு கெடந்து அடிச்சுக்கிருது."

"எங்க இருக்கு?"

"காட்டுக்குள்ள. முன்னாடி ஊருக்குள்ள இருந்துச்சு. இப்பத்தான் புதுசாக் கட்டி வெளிய கொண்டுபோய்ட்டாக. எனக்குப் பஸ்ஸுல போகத்தான் தெரியும். காட்டு வழியெல்லாம் உங்கள மாதிரி ஆளுகளுக்குத்தான் தெரியும்."

உங்களை மாதிரி ஆளுகளுக்கு. கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வார்த்தையை நல்ல அர்த்தத்தில் அவள் வாயிலிருந்து கேட்டதே இல்லை. காபி தித்தித்தது.

"லொகேஷன் இருக்கா?"

"அங்க கூடவே இருந்து பாத்துக்கிடுறவக அனுப்பியிருக்காக" என்று தன் போனை நீட்டினாள்.

இடத்தை என் மேப்பில் ஏற்றிப் பார்த்தேன். மேலிருந்து எடுத்த படம், எந்தக் காலத்துப் படமோ. கரிசல் நிலம், ஒரு வேப்பமரம், சுற்றி வேலிக்கருவை. கோபுரமும் இல்லை, பாதையும் இல்லை. எம்.ரெட்டியபட்டி ஊர் அதற்கு வெகு தள்ளி இருந்தது. நல்லதாய்ப் போயிற்று, மச்சான் கண்ணில் படாமல் போய்வந்துவிடலாம். கண்மாய்க்கரை வரை ஸ்கூட்டர், அப்புறம் ஓடை, அப்புறம் முள்காடு என்று நானே விரலால் கோடு போட்டேன். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "எப்படித்தான் கண்டுபிடிக்கிறீகளோ" என்றாள்.

காலையில் கிளம்பும்போது அவள் கையில் ஒரு பை. பிரித்துப் பார்த்தேன். காராச்சேவு, அல்வா, ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ்.

"சாமிக்குச் சேவாடி?"

"இந்தச் சாமி சேவுன்னா விடாது."

"ஹார்லிக்ஸ்?"

"சாமி இப்ப கொஞ்சம் சத்துக்கொறைவா இருக்காம்."

கிராமத்துச் சாமிகளுக்குச் சுருட்டு, கருவாடு எல்லாம் படைக்கிறார்கள். ஹார்லிக்ஸ் குடிக்கிற சாமி ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று வண்டியை எடுத்தேன்.

கண்மாய்க்கரையில் ஸ்கூட்டரை நிறுத்திப் பூட்டிவிட்டு ஓடைக்குள் இறங்கினோம். நான் முன்னால், போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி. அவள் பின்னால், பையும் செருப்பும் கையில். டவர் போய்விட்டது. அந்த அம்மா மட்டும் போகவில்லை. "நேராகச் செல்லவும்" என்றாள்.

"நேரா முள்ளுல்லங்க இருக்கு?"

"மேப்பு பொய் சொல்லாது. குனிஞ்சு வா."

குனிந்தோம். தவழ்ந்தோம். வேலிக்கருவை என் தொப்பியை எடுத்துக்கொண்டது, சட்டையில் பாதியைக் கேட்டது. நெருஞ்சி அவள் காலைப் பதம் பார்த்தது. வேறு நாளாக இருந்தால் இதற்குள் என் பரம்பரையையே இழுத்திருப்பாள். அன்று ஒரு முனகல் இல்லை. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "நீங்க போங்க, நான் பின்னாடியே வாரேன்" என்றாள். என்ன பக்தி என்று எனக்கு மெய் சிலிர்த்தது.

ஓர் இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. குழம்பு வாசம். காட்டுக்குள் நாட்டுக்கோழிக் குழம்பு வாசம்.

"ஏங்க, கெடா வெட்டுற கோயில்னா சமைக்கத்தான செய்வாக" என்றாள் அவள், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

முள்ளை விலக்கி வெளியே வந்தேன். ஒரு மாட்டுக்கொட்டம், வைக்கோல் படப்பு. "சேருமிடம் வந்துவிட்டது" என்றாள் அந்த அம்மா. வேப்ப மரத்து நிழலில் நார்க் கட்டில் போட்டு முதுகைக் காட்டியபடி ஒருவர் படுத்திருந்தார். நான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், வழி கேட்பதில்லை என்ற முடிவையும் மறந்து கேட்டேன்.

"அய்யா, இங்க சாமி எங்க இருக்கு?"

அவர் மெல்லத் திரும்பினார். ஒரு காலில் வெள்ளை மாவுக்கட்டு. மேலே முறுக்கிய மீசை.

"வாங்க மாப்பிள்ள" என்றார் சுந்தரபாண்டி மச்சான்.

நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் சேலையில் ஒட்டிய முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாமின்னு சொன்ன."

"எங்கய்யா போனதுக்கப்புறம் எனக்கு எங்கண்ணந்தான சாமி. அவுகளால நடக்க முடியல, நம்மதான வரணும்." சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைசி வார்த்தையில் மட்டும் குரல் லேசாக உடைந்தது.

கோபம் வரவேண்டிய இடம் அது. வந்திருக்கும். ஆனால் மச்சான் என்னைப் பார்க்காமல் நான் வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ள, இந்த முள்ளுக்குள்ளயா வந்தீக?"

"ஆமா."

"கண்மாயிலருந்தா?"

"ஓடை வழியா."

மச்சான் உள்ளே இருந்த தன் மனைவிக்குச் சத்தம் கொடுத்தார். "கனகலட்சுமி, இங்க வா. வந்து நம்ம மாப்பிள்ளையப் பாரு. ஆடு நுழையாத முள்ளுக்குள்ள நுழைஞ்சு வந்திருக்காரு. இந்த ஊர்ல பொறந்த நானே அந்தப் பக்கம் போனதில்ல." பிறகு என்னிடம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "இவருக்கு வழி தெரியாதுன்னு எவன் சொன்னானோ அவன் வாயில மண்ணு."

"சொன்னது நீங்கதான் மச்சான்."

"அதான் எனக்கு நானே சொல்லிக்கிறேன். அன்னைக்குப் பந்தியில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. உக்காருங்க."

உட்கார்ந்தேன். மனுஷன் கட்டிலில் எனக்கு இடம் விடுவதற்காக மாவுக்கட்டுக் காலைக் கையால் தூக்கி நகர்த்தினார். ரோஷத்தில் ஒரு கோட்டிங் உரிந்தது. கனகலட்சுமி அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். இன்னொரு கோட்டிங். கோழிக் குழம்பு இலைக்கு வந்தபோது சுவர் சுத்தமாகிவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டே வீட்டின் முன்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். வாசலை ஒட்டிப் பளபளவென்று தார் ரோடு. அதில் ஒரு ஷேர் ஆட்டோ போனது.

"அக்கா, இது எப்பப் போட்டது?"

"பால் காய்ச்சுறதுக்கு முன்னாடியே போட்டாச்சுல்ல தம்பி. அருப்புக்கோட்டையில ஆட்டோ ஏறுனா நம்ம வாசல்லதான் எறங்கணும். செல்விக்குத் தெரியுமே."

தங்கச்செல்வியைப் பார்த்தேன். அவள் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"ரோடு வழியாக் கூப்புட்டிருந்தா வந்திருப்பீகளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் அசடு வழிந்தேன். வேறென்ன செய்ய.

சாப்பாடு முடிந்ததும் கண் சொக்கியது. வேப்பமரக் காற்று, வயிறு நிறையக் கோழி. மச்சானுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டிலில் குறட்டை விட்டேன். எழுந்து பார்த்தால் வெயில் தாழ்ந்திருந்தது. மச்சானின் டிராக்டர் ஓட்டுகிறவர், தங்கச்செல்வி என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த சாவியோடு போய், கண்மாய்க்கரையிலிருந்து என் ஸ்கூட்டரை எடுத்துவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். தங்கச்செல்வியும் கனகலட்சுமி அக்காவும் என் போனை நடுவில் வைத்துக்கொண்டு தலையோடு தலை முட்டிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான் கையைப் பிடித்து, "கட்டுப் பிரிச்சதும் நானும் உங்ககூட காட்டுக்கு வாரேன் மாப்பிள்ள. எனக்கும் அந்த மேப்பப் பழக்கிவிடுங்க" என்றார். சரி என்றேன். மனசு லேசாகி இருந்தது. இத்தனை மாசமாய் இதைச் செய்யாமல் எதைச் சாதித்தேன் என்று தோன்றியது.

தார் ரோட்டில் வண்டியை எடுக்கும் முன், வழி பார்க்கலாம் என்று போனைத் திறந்தேன். திடுக்கென்றது. காலையில் ஒரே ஒரு கொடி இருந்த மேப்பில் பாலவனத்தத்திலிருந்து திருச்சுழி வரை கட்சி மாநாடு மாதிரி கொடிகள்.

"என்னடி இதெல்லாம்?"

"நானும் மதினியும் சும்மா நட்டோம். அது எங்க சின்னம்மா வீடு. இது காளீஸ்வரி அக்கா வீடு. ஓடைக்கு அங்கிட்டு இருக்கிறது சோலைச்சாமி சித்தப்பா. எல்லாரையும் பாத்து எவ்வளவு நாளாச்சு. நீங்கதான் ஞாயித்துக்கெழம ஆனா நடக்கணும்னு துடிக்கிறீகளே."

வரிசையாகப் பார்த்தேன். அத்தனையும் அவள் சனம். என் பெரியம்மா வீடு இல்லை. என் தங்கச்சி வீடு இல்லை. விரலால் இழுத்து அருப்புக்கோட்டைக்குப் போனேன். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"இம்புட்டுக் கொடி நட்டியே, நம்ம வீட்டுக்கு ஒண்ணு நட்டியா? இப்ப எப்படித் திரும்பிப் போறது?"

அவள் என் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"அதுக்குக் கொடி எதுக்குங்க," என்றாள், "அந்த வழி எனக்குத் தெரியும்."