கிருபைவிளையில் ஒரு கணினி தடை சொன்ன வரலாறு

கிருபைவிளை சபையின் நூற்றெழுபத்து மூன்று ஆண்டுச் சரித்திரத்தில் மாபெரும் நிகழ்ச்சிகள் மூன்று. மிஷனரி துரை குதிரையிலிருந்து இறங்கியது, மணிக்கோபுரத்தில் இடி விழுந்தது, சபைக்கு இணையதளம் வந்தது. முதல் இரண்டையும் யார் யார் பார்த்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூன்றாவதை யார், எந்தத் தேதியில், எத்தனை நிமிடம் எத்தனை நொடி பார்த்தார்கள் என்ற விவரம் செயலர் ஜான்ரோஸ் அவர்களின் கைபேசியில் இருக்கிறது.

இந்த அற்புதம் எப்படி நடந்தது என்று லீமாவுக்குத் தெரியும். அவள் சபை அலுவலகத்தின் ஒரே எழுத்தர். இணையதளத்தைச் செய்து கொடுத்தவன் செயலரின் தங்கை மகன் எபின். குடும்ப எண்ணையோ, வெளியூர்க்காரரானால் கைபேசி எண்ணையோ போட்டால்தான் உள்ளே போக முடியும். போனவர் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்று குறித்து, தினமும் மாலையில் செயலருக்கு அனுப்பி வைக்கும் ஒரு நிரலையும் அவன் உள்ளே ஒளித்து வைத்திருந்தான். ஜான்ரோஸ் அதற்கு 'மேய்ப்பனின் கண்' என்று பெயர் சூட்டினார். முப்பது ஆண்டுகள் தலைமையாசிரியராக வகுப்பறைச் சன்னல்களில் எட்டிப் பார்த்துப் பழகியவர். ஓய்வுக்குப் பிறகு எட்டிப் பார்க்கச் சன்னல் இல்லாமல் தவித்த அந்தப் பெருமகனுக்கு, இப்போது இருநூற்றுப் பதினான்கு வீடுகளின் சன்னலும் ஒரே இடத்தில் கிடைத்தது. ஒரேயொரு மனக்குறை உண்டு. அவருடைய புத்தாண்டுச் செய்தியை எவரும் பதினொரு நொடிக்கு மேல் பார்க்கவில்லை. அந்தப் பட்டியலையும் அச்செடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

அலுவலகக் கணினியில் இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு மட்டும் இந்த மேன்மை விளங்கவில்லை. சபையின் இணையதளத்தைத் திறந்தால் போதும், திரையில் சிவப்புப் பெட்டி வந்து நிற்கும். மணியடிக்கும். பிறகு ஒரு பெண்குரல், "எச்சரிக்கை. ஆபத்து கண்டறியப்பட்டுள்ளது" என்று சுத்தத் தமிழில் சொல்லும். தமிழில் பேச வைத்தவர் செயலர்தான். அவருக்கு மொழிப்பற்று அதிகம்.

லீமா அந்தச் சிவப்புப் பெட்டியை முழுதாகப் படித்துவிட்டு அவரிடம் போனாள்.

"சாரே, இது வைரஸ் இல்ல. வாற ஆளுவள நோட்டம் பாக்க எபின் ஒண்ணு வச்சிருக்கான்லா, அதப் பாத்துதான் இது கத்துகு. அத எடுத்திரச் சொல்லுங்க."

"மக்ளே, கண்ண எடுத்துட்டா மேய்ப்பன் என்ன செய்வான்? இது பொய் எச்சரிக்கைண்ணு எபினே சொல்லிட்டான்."

"வச்சவன்ட்டயே கேட்டா அப்படித்தான சொல்லுவான்."

"எபின் பி.இ. நீ பி.காம். அத மறந்திரப்பிடாது."

அவள் மறக்கவில்லை. அந்தக் கணினி மைக் செட்டோடு இணைக்கப்பட்டது. காலைப் பாட்டுகள் அதிலிருந்துதான் கோபுரத்துக் கூம்பு ஒலிபெருக்கிக்குப் போகும். அதனால் இணையதளத்தைத் திறக்கும் முன் லீமா ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிடுவாள். ஒரு வருடமாகக் கிருபைவிளையின் மானம் அந்த வயரில்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளால் வயரைப் பிடுங்க முடியவில்லை. அவள்தான் மணப்பெண்.

சபை வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், தடை அறிந்தவர் இப்போதே சொல்லலாம் என்று கேட்பார்கள். யாரும் எதுவும் சொன்னதாகச் சரித்திரமில்லை. லீமாவுக்கும் அருமனையைச் சேர்ந்த ஜாஸ்பருக்கும் அன்று மூன்றாம் ஓலை. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, நாற்பது நாள் விடுமுறை. அவன் அம்மா லீலாபாய் இரண்டு வேன் நிறைய உறவினரோடு வந்து முன்வரிசையில் இருந்தார். இணையதளத்தில் ஓடும் ஆராதனை நேரலையை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய ஆசைப்பட்ட செயலர், லீமா இல்லாத அலுவலகத்துக்குத் தாமே போய்க் கணினியில் அதைத் திறந்தார்.

"தடை அறிந்தவர் எவரேனும் இருந்தால் இப்பொழுதே அறிவிக்கவும்" என்றார் போதகர்.

கோபுரத்திலிருந்து மணியடித்தது. "எச்சரிக்கை. ஆபத்து கண்டறியப்பட்டுள்ளது."

ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று நல்ல காற்று. காற்றாலைகளைத் தாண்டித் தோவாளைப் பூச்சந்தை வரை அந்தக் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆராதனை முடிந்ததும் அவசரக் கமிட்டி கூடியது. நிகழ்ச்சிக் குறிப்பு எழுத எழுத்தர் வேண்டுமல்லவா? ஓலைக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு லீமாவே உட்கார்ந்து எழுதினாள். விதிமுறைப் புத்தகத்தோடு பிறந்த மூத்த உறுப்பினர் சத்தியராஜ் முதலில் எழுந்தார்.

"தடை சொல்லுகவன் சபைல உறுப்பினரா இருக்கணும். கம்ப்யூட்டருக்கு ஞானஸ்நானம் ஆயிருக்கா?"

"வாங்குன அண்ணைக்கு போதகர் ஜெபம் பண்ணுனாரு" என்றார் ஜான்ரோஸ்.

"திடப்படுத்தல்? அது ஆனாத்தான முழு உறுப்பினர்."

"அது இல்ல."

"அப்போ தடை செல்லாது. ஆனா கேட்டது கேட்டதுதான். நாலாவது ஓலை வாசிக்கணும்."

இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் ஜான்ரோஸ் கடமை தவறாதவர். கைபேசியை எடுத்து, லீலாபாய் முன்னிலையில், மேய்ப்பனின் கண் கண்டதை வாசித்தார். கடந்த மாதம் லீமா இணையதளத்தின் 'மணமகன் விவரம்' பக்கத்தில் நாற்பத்தொரு நிமிடம் நின்றிருக்கிறாள்.

"எனக்க மோனுக்கு நிச்சயம் பண்ணின பெண்ணு, வேற மாப்பிள்ளைமாரை எதுக்காக்கும் பாக்குகா?" என்றார் லீலாபாய்.

"அந்தப் பக்கத்த டைப் அடிச்சது நான்தான் மாமி. ஏழு வீட்டு விவரம். நடுவுல எந்திச்சுப் போயி சோறு தின்னேன், அது தொறந்து கெடந்தது."

"மெஷின் பொய் சொல்லாது" என்றார் ஜான்ரோஸ்.

"அப்போ எச்சரிக்கை சொன்ன மெஷினு மட்டும் பொய் சொல்லுமா சாரே?"

இந்தக் கேள்வி நிகழ்ச்சிக் குறிப்பில் ஏறவில்லை. ஜாஸ்பர் தன் அம்மாவையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கிணறுகளை எரியவிடாமல் காக்கும் வேலை அவனுக்கு. இங்கே அம்மாவுக்கு விசிறி எடுத்துக் கொடுத்தான்.

"கல்யாணம் ஒரு ஆழ்ச்ச தள்ளட்டு" என்றார் லீலாபாய். "அடுத்த ஞாயிறும் வல்ல சத்தமும், சின்னதோ பெருசோ, கேட்டா, திங்களாழ்ச்ச அவன் பிளைட்டு ஏறுவான்."

பின்வரும் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. நாலாம் ஓலையை, குழப்பம் நேராதிருக்க, செயலரே வாசிப்பார். பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்துக்காக வைரஸ் தடுப்பு மென்பொருள் அலுவலகக் கணினியிலிருந்து நீக்கப்படும். எந்த இயந்திரம் சத்தமிட்டாலும், அது யார் கையில் இருக்கிறதோ அவரே பொறுப்பு. ஆகவே எழுத்தர் விளக்கக் கடிதம் தர வேண்டும். மென்பொருளுக்கு இன்னும் இரண்டு வருடச் சந்தா மிச்சமிருப்பதால், சபையின் சொத்து வீணாகாதபடி, அது செயலரின் கைபேசிக்கு மாற்றப்படும்.

கடைசித் தீர்மானத்தை எழுதும்போது லீமாவின் கை நின்றது. சொல்லலாமா என்று யோசித்தாள். பி.காம். படித்தவள் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்; எழுதி முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அலுவலகம் அமைதியாக இருந்தது. ஆபத்து அப்படியே இருந்தது, சொல்ல ஆளில்லை. செயலர் இதை 'முழுமையான பாதுகாப்பு' என்று வர்ணித்தார். அடுத்த ஞாயிறு ஆராதனையின் இரண்டாம் மணி அடிப்பதற்குச் சற்று முன்பு எபின் வந்து, மாமாவின் கைபேசியில் மென்பொருளை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

கோவில் நிரம்பி வழிந்தது. போன வாரக் குரலைக் கேட்ட அயலூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். லீமா முன்வரிசையில், லீலாபாய்க்கு இரண்டு முழம் தள்ளி. ஜான்ரோஸ் மைக்குக்கு முன்னால் வந்து, கைபேசியைப் பிரசங்க மேடையில் வைத்து, ஓலையை வாசித்தார். அழகான வாசிப்பு. தடை அறிந்தவர் இப்பொழுதே அறிவிக்கவும் என்று சொல்லி நிறுத்தினார்.

நிறுத்திய இடத்தில் பழக்கம் கையை இழுத்தது. இந்த நேரத்தில் நேரலையை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? விரல் தானாகப் போய் இணையதளத்தைத் தொட்டது.

மணியடித்தது. மைக் அதைப் பிடித்துக் கோபுரத்துக்கு அனுப்பியது. "எச்சரிக்கை. ஆபத்து கண்டறியப்பட்டுள்ளது."

ஜான்ரோஸ் கைபேசியைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளிருந்து அது மறுபடியும் சொன்னது. நிறுத்தத் தெரியாமல் அங்கும் இங்கும் அமுக்கினார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு முறை சொன்னது.

லீலாபாய் லீமாவின் பக்கம் திரும்பினார். "இது ஒன்னயாக்கும் சொல்லுகு?"

லீமா எழுந்தாள். சத்தியராஜைத்தான் பார்த்தாள்.

"மாமா, சத்தம் போடுக மெஷின் ஆருக்க கைல இருக்கோ அவருதான் பொறுப்புண்ணு எழுதச் சொன்னியள். எழுதியிருக்கேன், கையெழுத்தும் இருக்கு. இப்போ ஆரு கைல இருக்கு?"

சத்தியராஜ் மேடையைப் பார்த்தார். விதிமுறைக்கு மாறாக அவர் வாழ்நாளில் பேசியதில்லை.

"செயலருக்க கைல."

"அது போன வாரமும் அந்த ஆளத்தான் மாமி சொல்லிச்சு" என்றாள் லீமா லீலாபாயிடம். "நாப்பத்தொண்ணு நிமிசம் நான் பாத்தேண்ணு சொன்னாருல்லா. அத்தன நிமிசமும் அவரு என்னயப் பாத்துட்டு இருந்திருக்காரு. ஒங்க வீட்டு ஆளுவ போன மாசம் உள்ள போனாலும் பாத்திருப்பாரு."

லீலாபாய் போன மாதம் போயிருந்தார். மகனுக்கு இன்னும் நல்ல இடம் அமையுமா என்று 'மணமகள் விவரம்' பக்கத்தில் நெடுநேரம் நின்றிருந்தார். முகம் கறுத்தது. எழுந்து, இரண்டு முழத்தைக் கடந்து வந்து லீமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கல்யாணத்துக்குத் தடை இல்ல" என்றார் உரக்க. "அந்தக் கண்ண எடுத்துட்டு ஆசீர்வாதம் சொல்லச் சொல்லுங்க."

வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. ஆனால் ஞாயிறு மாலையே, எபின் நிரலை நீக்குவதற்குச் சற்று முன்பு, மேய்ப்பனின் கண் தன் கடைசி அறிக்கையை அனுப்பியிருந்தது. சபை வரலாற்றிலேயே அதிகமானோர் பார்த்த நேரலை. ஆயிரத்து முந்நூற்று ஆறு பேர். மேடையில் ஜான்ரோஸ் நின்ற நான்கு நிமிடத்தையும் ஒருவர் விடாமல், ஒரு நொடி விடாமல் பார்த்திருந்தார்கள். அவரால் மட்டும் அந்த அறிக்கையைப் பதினொரு நொடிக்கு மேல் பார்க்க முடியவில்லை.